சனிக்கிழமை விளக்கு

"இந்த பர்னர் இந்த விளக்கோடது இல்லைங்க."

டீச்சர் பழைய மண்ணெண்ணெய் விளக்கை மேசைமேல் வைத்தாள். நீலக் கண்ணாடிக் குடுவை, அதன் தலையில் திரியைப் பிடித்திருக்கும் பித்தளை பர்னர். போன சனிக்கிழமை இதே பழம்பொருள் கடையில் வாங்கியது.

கடைக்காரன் லென்ஸை வைத்துப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். குடுவை வாயால் ஊதிச் செய்தது. அடியில், செய்யும்போது பிடித்திருந்த கம்பியிலிருந்து ஒடித்தெடுத்த வடு இருந்தது. பர்னரோ அதற்குப் பேத்தி வயது. அவனே துடைத்து, அவனே பொருத்தி, அவனே கட்டிக் கொடுத்த விளக்கு. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"உன் கண்ணு எங்கடா போச்சு?" உள்ளே அலமாரிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள். "வாரா வாரம் இதே கூத்து. பேசாம டீச்சரம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிடு."

நாற்காலி ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

வழக்கமாக அவன் பழைய பர்னர் பெட்டியைக் கவிழ்ப்பான். இருவரும் தலையோடு தலை முட்டத் தேடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கதை கட்டுவாள். இதன் வெளிச்சத்தில்தான் கலங்கரை விளக்கக் காவலாளி மனைவிக்குக் கடிதம் எழுதினான். அதன் வெளிச்சத்தில், திருட வந்தவன் மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு வெறுங்கையோடு போனான். அவன் வயிறு வலிக்கச் சிரிப்பான். சரியான பர்னர் மட்டும் கிடைக்காது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று, இன்னொரு விளக்கையும் வாங்கிக்கொண்டு, ஒருபோதும் கீழே வைக்காத தோள்பையை அணைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வாரம் முழுக்க அவன் சனிக்கிழமைக்கு ஏங்குவான். தன் தப்பினால் வரும் சந்தோஷமாயிற்றே என்று கூசவும் செய்வான்.

இன்று அவன் பெட்டியைத் தொடவில்லை.

"டீச்சர், இனிமே நான் விளக்கு விக்கிறதில்லை."

"ஏன்?"

"உங்களுக்குக் கொடுத்தது அத்தனையும் தப்பு. விளக்கு பாக்கத் தெரியாதவன் எதுக்கு விக்கணும்? நாற்காலி மேசையோட நின்னுக்கறேன். நீங்களும் வீணா அலைய வேணாம்."

உள்ளே வார்னிஷ் பிரஷ் ஓசை நின்றது.

டீச்சரின் முகம் சிவந்தது. தோள்பையைத் திறந்து, கைக்குட்டை முடிச்சு ஒன்றை மேசைமேல் அவிழ்த்தாள். பளபளவென்று பர்னர்கள். ஒவ்வொன்றும் அவன் கையால் மெருகேற்றியது; நீல விளக்கினுடையதும் அதில் இருந்தது.

"உங்க கண்ணுல கோளாறு இல்லைங்க." அவள் தலை நிமிரவில்லை. "வாங்கிட்டுப் போன அன்னிக்கே நான்தான் கழட்டி வேற மாத்திடுவேன். வாரா வாரம் உண்மையைச் சொல்லிடலாம்னுதான் இதையெல்லாம் எடுத்துட்டு வருவேன்."

"எதுக்குங்க மாத்தணும்?" என்றான் அந்த அப்பாவி.

அக்கா பிரஷும் கையுமாக வந்து நின்றாள். "விளக்கைப் பார்த்தா நூறு வருஷத்துக் கதை தெரியுது. எதிர்ல உக்காந்திருக்கிறவ முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையாடா உனக்கு?"