உப்புத் தண்ணீரில் கழுவிய மாருதி

இசக்கிமுத்து கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே மாருதி காரைக் கழுவி முடித்துவிட்டார்.

குழாயில் தண்ணீர் வராத நாள். மட்டாஞ்சேரிக் கிணற்றுத் தண்ணீரில் எதைக் கழுவினாலும் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும் என்பது அந்தச் சந்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். முப்பது வருஷமாக முனிசிபல் லாரி ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா ஆறுச்சாமி தேவராவிலிருந்து வருகிறார். இளைய மகள் மஞ்சுஷாவைப் போன மாதமே பார்த்தாயிற்று. பிடித்தும் போயிற்று. இன்றைக்கு வருவது, அவளோடு வரப்போகிற வண்டியைப் பார்க்க. வண்டி பிடித்தால் தேதி குறிப்பார்கள்.

பெண்ணைப் பார்க்க அரைமணி நேரம் போதுமாக இருந்தது. வண்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒழித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

இசக்கிமுத்து தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை உருவி, அடிபிடித்த சட்டியைத் துலக்குவது போல் பானெட்டை அழுத்தித் தேய்த்தார். துண்டு கைநழுவி மண்ணில் விழுந்தது. எடுத்து ஒரு உதறு உதறினார். மறுபடியும் அதே துண்டு, அதே தேய்ப்பு.

மூத்தவள் சுமா வாசலில் நின்று பார்த்தாள். சிரிப்பு வந்தது. அதில் முக்கால் பங்கு எரிச்சல்.

“எடீ சுமா, நோக்கிக்கிட்டு நிக்காத. வெயில் வந்தாச்சு. வண்டில வெள்ளைப் பாடு விழுந்தா அவங்க என்ன நினைப்பாங்க?”

“தேய்க்கிறதை முதல்ல நிறுத்துங்கப்பா. தேய்ச்சா பாடு போகாது, பெயிண்ட்தான் போகும்.”

கருநீல வண்டி. கூரை ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு துளி காய்ந்து வெளுத்திருந்தது. இப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் கருவாடாகிவிடும். ஆறுச்சாமி மூக்கைச் சுளித்துக்கொண்டு பாலம் ஏறிப் போய்விடுவார். அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தபோது சுமாவுக்கு இனிக்கத்தான் செய்தது.

அப்போது மஞ்சுஷா பாதி பின்னிய தலையோடு வெளியே வந்தாள். வெலிங்டன் தீவில் கிடங்குக் கணக்கு எழுதுகிற அந்த மாப்பிள்ளைப் பையன்மேல் அவளுக்கு உயிர்.

“அக்கா, பாடு போயிருமா?”

இந்த மூஞ்சிக்காகத்தான் சுமா படியிறங்கினாள். வேறு எவனுக்காகவும் இல்லை.

சோறு பொங்க முந்தின நாளே பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர் மூன்று குடம் இருந்தது. மூன்றையும் தூக்கி வந்தாள். அம்மா உலைப்பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள். சோறு பிறகு பார்த்துக்கொள்ளலாம், வண்டிக்கு உப்பு ஆகாது.

அப்பாவைக் கொண்டு வண்டியை மதில் நிழலுக்குத் தள்ள வைத்தாள். கூரையிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றி, மணலும் உப்பும் வழிந்து போகும்வரை பொறுத்தாள். பிறகு துவைத்த பழைய பருத்திச் சேலையை விரித்துப் போட்டு, அழுத்தாமல் தன் பக்கம் இழுத்தாள். சேலை தண்ணீரைக் குடித்துக்கொண்டு வந்தது. பிழிந்தாள். மறுபடி விரித்தாள். மேலிருந்து கீழே. சக்கரத்துக்கு வேறு துணி. நாலு கதவையும் திறந்து, இடுக்கில் நின்ற ஈரத்தையும் விரலில் துணி சுற்றி ஒற்றினாள்.

“இனி தோப்பும்படி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. பிரேக்கும் காயணும்.”

லாரிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய்விட்டு வந்தார். வரன் என்றால் மனிதர் யார் சொன்னாலும் கேட்பார்.

ஆறுச்சாமி பத்தரைக்கே வந்துவிட்டார். அம்மா கண்ணைக் காட்டினாள். சுமா அடுக்களைக்குள் போய் ஜன்னலோரம் நின்றாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆறுச்சாமி டிக்கியைத் திறந்து பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார். கதவை நாலு தரம் சாத்திச் சத்தம் கேட்டார். பானெட்டில் விரலை ஓட்டி, அந்த விரலை முகர்ந்தும் பார்த்தார். வண்டி மூச்சு விடுகிறதா என்று காதை வைத்துக் கேட்காததுதான் பாக்கி.

“வண்டி கொள்ளாம். நல்ல மினுக்கம்” என்றார். “முதல்ல யாரு கையில இருந்தது?”

“மூத்தவளைக் கட்டிக்கொடுத்தப்ப கூடவே கொடுத்தது. எட்டு மாசம்தான் அங்க ஓடிச்சு. தினம் வெளுப்பான் காலத்துல, விடியறதுக்கு முன்னயே, அவதான் துடைச்சு வைப்பா. அவங்க சரியில்லன்னு தெரிஞ்சதும் நானே போய்க் கொண்டாந்துட்டேன்.”

அப்பாவின் குரலில் பெருமை வழிந்தது. ஆறுச்சாமி திருப்தியாகத் தலையாட்டினார். மஞ்சுஷா சாயாத் தட்டோடு போனாள். யாரோ காலண்டர் கேட்டார்கள்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. பள்ளுருத்தியில் சுமாவின் புகுந்த வீட்டு முற்றத்தில் நின்று, நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, சாவியை வாங்கி அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்தான். பெண்ணும் வண்டியும் ஒரே நாளில் திரும்பி வந்தால் சந்து என்ன சொல்லும் என்று அவருக்குப் பயம்.

சுமா மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்தாள்.