பிடரியில் ஒரு எண்

"யாரோடதுன்னு கண்டுபிடிச்சு ஒப்படைச்சிடுங்க, டாக்டர். ஒரு மாசமா எங்க வாசல்ல விடாம கத்துது. எனக்குப் பூனைன்னாலே ஆகாது," என்றாள் அவள்.

கால்நடை மருத்துவர் பூனையின் பிடரியில் கருவியை நகர்த்தினார். 'பீப்' என்றது.

"தோலுக்கடியில அரிசி அளவு சிப் இருக்கும்மா. அதுல வெறும் எண்தான். பதிவேட்டுல அந்த எண்ணைப் போட்டா வளர்க்கிறவங்க போன் நம்பர் வந்துடும்."

"வரட்டும். நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்!"

அவர் பதிவேட்டில் பார்த்து, அதில் வந்த போன் நம்பரை அழைத்தார். அவளுடைய கைப்பைக்குள் மணி அடித்தது.

அவள் போனை வெளியே எடுத்துப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் போன், டாக்டர். அவர் தவறி ஒரு மாசமாச்சு. எனக்குத் தெரியாமலே வளர்த்திருக்காரே!"

பூனை அந்தப் போனை முகர்ந்து பார்த்தது.

அவள் மெதுவாகக் கேட்டாள். "இது எத்தனை வேளை சாப்பிடும், டாக்டர்?"