அசலில் இல்லாத சுவர்

“அசல்ல இந்த ஜன்னல் இல்லைங்க. மூடிடணும்.”

பெரிய மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “மூடிட்டா அடுப்படி குகையாயிடும். புகையில நான் கண்ணைக் கசக்கிட்டு நிக்கணுமா?”

“அசல்ல ஒரு புகைபோக்கி இருந்திருக்கு. அடைச்சு வெச்சிருக்காங்க. அதைத் திறந்து தர்றேன்.”

“அசல்ல நான்கூடத்தான் இல்லை. கல்யாணமாகி வந்தவ. என்னையும் தூக்கி வெளியே வெச்சிடுங்க.”

என்ஜினீயரம்மா சிரிக்கவில்லை. ஜன்னலை அளந்துகொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் அசலம்மா. நூறு வருஷத்துக் கல்வீட்டை, முதன்முதலில் கட்டியபடியே ஆக்கித் தர வந்தவர். குளியலறை டைல்ஸ் போயிற்று. வாசல் தகரக் கூரை போயிற்று. ஒரு சுவர் மேல் சந்தேகம் வந்தால் அடியில் தோண்டிப் பார்ப்பார். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கல் அஸ்திவாரம் தெரிந்தால் அது அசல், இருக்கும். தெரியாவிட்டால் பின்னால் வந்தது, போகும். அழுதாலும் புரண்டாலும் மசியமாட்டார்.

இத்தனை வம்பும் யாரால்? இந்த வீட்டு அண்ணன் தம்பியால்தான்.

வீடு ஒன்று, கூரை ஒன்று. ஆனால் கூடத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் சின்னவர். அப்பா படுக்கையில் கிடந்தபோது யார் அதிகமாகப் பார்த்துக்கொண்டது என்று, அவர் கண்மூடிய கையோடு ஒரு சண்டை. அதில் எழும்பிய சுவர். பேச்சு வார்த்தை அன்றோடு சரி.

ஆண்பிள்ளைகள் முறைத்துக்கொண்டார்கள், போகட்டும். மருமகள்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஒரே அடுப்படியில் வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தவர்கள். இப்போது வாசலில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அதற்கே இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்தே சின்னவளுக்கு இன்று தலைவலி என்று பெரியவளுக்குத் தெரிந்துவிடும். போய் நெற்றியில் கை வைக்கத்தான் வழியில்லை.

மழைக்குக் கூரை ஒழுகியபோது அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போய் அசலம்மாவைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். “அசல் எப்படியோ அப்படியே ஆக்கிடுங்க.”

பெரிய மருமகளுக்குப் புரிந்துவிட்டது. அசல் என்றால் அவர்களுக்கு, சின்ன வயதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிப் பிடித்து விளையாடிய ஒற்றைக் கூடம். சுவரை எடுக்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், கௌரவம் என்னாவது? மூன்றாவது ஆள் சொல்லவேண்டும். அதற்காகத்தான் ஜன்னல், டைல்ஸ் எல்லாம் பலி. அதனால்தான் அவளும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் நடுச்சுவரின் முறை வந்தது. சுவர் ஓரமாகக் குழி வெட்டினார்கள். அடிமண்ணைத் தன் கையால் சுரண்டிப் பார்ப்பதுதான் அசலம்மாவுக்கு வழக்கம். ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

இந்த வாசலில் பெரியவர் சுத்தமாக இருந்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாசலில் சின்னவர் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அதில் தூசியே இல்லை.

குனிந்த அசலம்மா நிமிரவில்லை. பெரிய மருமகளுக்கு எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. அண்ணனும் தம்பியும் பிறப்பதற்கு முன்னால் அதே இடத்தில் ஒரு பழைய சுவர் இருந்ததாகவும், அதை இடித்துத்தான் ஒரே கூடமாக்கியதாகவும் மாமனார் எப்போதோ சொன்ன ஞாபகம். அடியில் சுண்ணாம்பு தெரிந்தால் முடிந்தது கதை. இந்தச் சுவர் இனி சாகும்வரை இப்படியேதான்.

“என்னங்க, அசல்தானா?” பெரியவரின் குரல் கரகரத்தது.

அசலம்மா எழுந்து வாசல் பக்கம் பார்த்தார். இரண்டு வாசலுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

“அஸ்திவாரமே இல்லைங்க. இது பின்னாடி வந்த சுவர். எடுத்தாகணும். என் வேலையில இதுக்கு விதிவிலக்கு கிடையாது.”

பெரியவர் பெரிய நஷ்டம் வந்தவர் போலப் பெருமூச்சு விட்டார். “அசல்ல இல்லைன்னா நாம என்ன பண்ண முடியும்?”

“அந்தம்மா சொன்னா சரிதான்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க” என்றார் சின்னவர், தெருவைப் பார்த்துக்கொண்டு.

“கேட்டுச்சுன்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை.

“அக்கா…” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல்.

“இருக்கேன்டி” என்றாள் பெரிய மருமகள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அசலம்மாவுக்கு டீயை நீட்டப் போனவள், அப்போதுதான் குழிக்குள் பார்த்தாள்.

நடுச்சுவருக்கு நேர் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பெரிய பெரிய கல். இடுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று பழைய சுண்ணாம்பு.

அசலம்மா டீயை வாங்காமல் நின்றார். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

“பார்த்துட்டீங்களா?”

“எதை?” என்று கேட்டுக்கொண்டே மண்வெட்டியை எடுத்தாள் பெரிய மருமகள். “ஆளுங்க வர்றதுக்குள்ள மூடிடணும், நகருங்க.”