லூபே எங்கே படிக்கலாம்?

"அந்தப் பொண்ணு விண்ணப்பம் போடறதுக்குள்ள பல்கலைக்கழகத்தையே இழுத்து மூடிடுவாங்க."

இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பிரையனியின் காதில் இது விழுந்தது. சொன்னவர் மருந்துக்கடை முதலாளி ரஸ்ஸல். சிரித்தவள் கூட வேலை பார்க்கும் சலோட்டே.

ரஸ்ஸல் சொன்னதுகூடப் பரவாயில்லை. சலோட்டே சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது.

'அந்தப் பொண்ணு' யார் என்பதில் பிரையனிக்குச் சந்தேகமே இல்லை. மருந்தாளர் படிப்பில் சேரப்போவதாக மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் மில்டுரா என்ற அந்த ஆஸ்திரேலியச் சிற்றூரிலேயே அவள் ஒருத்திதான். வேதியியலிலும் கணக்கிலும் வேண்டிய மதிப்பெண் இருந்தது. ஒன்பது பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டு ஒரு பட்டியலும் இருந்தது.

முதல் வருடம் அதில் ஆறு தலைப்புகள். தகுதி மதிப்பெண், கட்டணம், விடுதி வாடகை என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். இப்போது இருபத்திரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். விடுதிச் சன்னல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதற்குக்கூட ஒரு தலைப்பு, அதற்கென்று ஒரு வண்ணப் பென்சில். விண்ணப்பித்தாயிற்றா என்ற தலைப்பு மட்டும் இல்லை.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. இதையும் விட்டால் நான்காவது வருடமும் இதே அலமாரி, இதே விலைச்சீட்டு.

மறுநாள் தேநீர் நேரத்தில் சலோட்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அக்கா பொண்ணு லூபே இருக்காளே, அவளும் மருந்தாளர் ஆகணும்னு நிக்கறா. உன் பட்டியலைக் கொஞ்சம் காட்டேன்."

பின்னால் நின்று சிரிக்க வேண்டியது, முன்னால் வந்து மூன்று வருட உழைப்பை ஓசியில் கேட்க வேண்டியது. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் பிரையனி வாயைத் திறந்தாள். "நகல் எடுத்துத் தரேன்" என்றுதான் வந்தது.

"நகலை வச்சுக்கிட்டு அவ எங்க முடிவெடுக்கப் போறா? எது வேண்டாம்னு நீ சொல்லு. நான் அடிச்சிடறேன்."

அன்றிலிருந்து தினமும் தேநீர் நேரத்தில் லூபே புராணம். லூபே விமானத்தில் ஏறவே மாட்டாளாம். பெர்த், பிரிஸ்பேன், ஹோபர்ட் மூன்றையும் பிரையனி ஒரே மூச்சில் தள்ளினாள். இருநூறு பேர் வகுப்பில் உட்கார்ந்தால் லூபேவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம். சிட்னியும் மெல்பர்னில் இருந்த இரண்டும் போயின. மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வர வேண்டும், நடுவில் பஸ் மாறப் பயம் என்றதும் கான்பெரா போனது.

இவ்வளவு சுலபமா என்று பிரையனிக்கே ஆச்சரியம். தனக்கென்றால் ஒரு வரியை அடிக்க ஒரு வருடம் யோசிப்பவள், ஊரார் பெண்ணுக்கு நீதிபதி மாதிரி தீர்ப்பு எழுதினாள்.

"இவ்வளவு பயந்தாங்கொள்ளியா உங்க லூபே?" என்று ஒருநாள் கேட்டும் விட்டாள். "இப்படியே ஒப்பிட்டுக்கிட்டே இருந்தா எப்பப் படிக்கறது?"

சலோட்டேவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

"நல்ல பொண்ணுதான். மனசு வச்சா வந்துடுவா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடிலெய்டா பெண்டிகோவா என்று வந்தபோது, அடிலெய்டில் லூபேவுக்கு ஓர் அத்தை இருப்பது தெரிந்தது. தன் வீட்டிலேயே தங்கச் சொல்வாளாம், மாட்டேன் என்று சொல்ல லூபேவுக்கு வாய் வராதாம். பிரையனிக்கும் அங்கே அப்படி ஓர் அத்தை உண்டு. பாவம், இந்தப் பெண்ணுக்கும் என்று நினைத்துக்கொண்டு அடிலெய்டை அடிக்கச் சொன்னாள்.

கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடுகிறது. மூன்றரைக்கு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அவள் கையிலிருந்து விடுபட்டு ஓடிவந்த சிறுமி, "சலோட்டே சித்தி!" என்று கடை அதிரக் கத்திவிட்டு, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் தன் எடையைப் பார்க்கவேண்டும் என்றாள்.

"லூபே, இறங்குடி," என்றாள் வந்தவள்.

பிரையனியின் கையிலிருந்த விலைச்சீட்டு நழுவியது.

"இதுவா... எந்த லூபே?"

"எங்ககிட்ட இருக்கறது ஒரே லூபேதான்," என்றாள் சலோட்டேவின் அக்கா. "போன மாசம்தான் நாலு வயசு முடிஞ்சுது."

பிரையனி திரும்பிச் சலோட்டேவைப் பார்த்தாள். அவள் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்து, கவுன்ட்டர்மேல் வைத்தாள். எட்டு வரிகளில் கோடு. பெண்டிகோ மட்டும் மிச்சம்.

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள்.

விண்ணப்பப் படிவம் திறந்திருந்த கணினி முன்னாலிருந்து ரஸ்ஸல் எழுந்து, நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு மாத்திரை எண்ணப் போய்விட்டார்.

"பெண்டிகோ விடுதியில சன்னல் எந்தப் பக்கம்னு நான் இன்னும்..." என்று ஆரம்பித்தாள் பிரையனி.

லூபே இயந்திரத்திலிருந்து குதித்து வந்து கையை நீட்டினாள்.

"பேப்பர் குடு. கப்பல் வரையணும்."

பிரையனி பட்டியலைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பட்டியலைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி வைத்து, தன் பையிலிருந்த இருபத்திரண்டு வண்ணப் பென்சில்களோடு லூபேவிடம் கொடுத்தாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் என்று கேட்டிருந்த கட்டத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்தாள்.