வாசல்வரை

வந்தவரை வாசல்வரை சென்று வழியனுப்புவது, தத்துவப் பேராசிரியராக இருந்தபோதும் நாட்டின் தலைவராக இருந்தபோதும் அவர் விடாத வழக்கம். இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகள் வேதவல்லி கஞ்சியோடு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மங்கிய வெயிலில், கேட்டைப் பிடித்தபடி, ஆளில்லாத தெருவைப் பார்த்து அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

“யாருப்பா வந்தது?”

“என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவன். உட்காருன்னேன். சாவுன்னா என்னன்னு எங்கிட்டயே கேக்கிறான். சொன்னேன், பாதிதான் புரிஞ்சுதாம். மறுபடி வரேன்னு கிளம்பிட்டான்.”

அவள் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“படு மக்கா இருப்பான் போல. மெதுவாவே சொல்லிக்கொடுங்கப்பா.”