மூன்றாவது சாட்சி

"இன்னும் இருபத்திரண்டு மணி நேரம்தான் இருக்கு மாமா."

ஜெயஸ்ரீ சொன்னதும் ஜெயவேலு தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எதுக்கு? பரீட்சையா?"

"கல்யாணத்துக்கு. நாளைக்குக் காலையில பதினோரு மணி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல."

குழம்புக் கரண்டியோடு வந்த கிளியம்மாள் அப்படியே நின்றாள். "யாருக்குடி கல்யாணம்?"

"எனக்கு ரொம்ப வேண்டியவங்களுக்கு அத்தை."

சேலையூரில் மாமா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. ஜெயஸ்ரீக்கு ஏழு வயதில் அப்பா இறந்ததிலிருந்து அவளும் அம்மா சரசுவும் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. இன்று தலைவலி என்று சரசு முடிச்சூரிலேயே இருந்துவிட்டாள்.

"கூடப் படிக்கிற பொண்ணா?" ஜெயவேலு நல்லி எலும்பைத் தட்டில் தட்டினார். "ஓடிப் போவுதா?"

"ஓட மாட்டாங்க மாமா. அதான் பிரச்சினையே. அண்ணன் சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவாங்களாம். அண்ணன்கிட்ட சொல்லவும் பயம்."

"அடுத்தவ கதைன்னு ஆரம்பிச்சாலே அது சொந்தக் கதைதான், நம்பாதீங்க," என்றாள் கிளியம்மாள். "நானே எங்கப்பாகிட்ட அப்படித்தான்…"

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

"சத்தியமா நான் இல்ல அத்தை," என்றாள் ஜெயஸ்ரீ. கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

கெமிஸ்ட்ரி படிக்கும் ஜெயஸ்ரீக்குத் தமிழ் என்பது நாற்பது மார்க் வந்தால் போதும் என்ற பாடம். போன வாரம் தமிழ் மிஸ் அறத்தொடு நிற்றல் நடத்தினார். பழைய அகப்பாட்டுகளில் தலைவியின் காதலை வீட்டுக்குச் சொல்வது தோழி. அவளும் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க மாட்டாள். ஆற்று வெள்ளத்தில் போனவளை ஒருவன் கரை சேர்த்தான் என்று மெதுவாகத் தொடங்குவாள். ஜெயஸ்ரீ அதை நோட்டில் இரண்டு தடவை எழுதிக்கொண்டாள். பரீட்சைக்காக இல்லை.

"ஆளு யாரு?" என்றார் மாமா.

"ஸ்கூல் வேன் ஓட்டறார். வேதசிரோமணின்னு பேரு."

"சர்ச்சுக்குப் போறவனா?" மாமாவின் முகம் இறுகியது. "அப்ப அண்ணன்காரன் ஒத்துக்கலன்னா அவன் மேல என்ன தப்பு?"

இங்கேதான் வெள்ளம் வர வேண்டும்.

"வெள்ளத்துல அவர்தான் அவங்களைக் காப்பாத்தினார் மாமா. வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. போட் எதுவும் வரல. இவர் நீந்தி வந்து, கதவைக் கழட்டி, அடியில தண்ணி கேன்களைக் கட்டி, அது மேல உட்கார வச்சு மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போனார். கால்ல தகரம் கிழிச்சுப் பதினாறு தையல்."

"அடக் கடவுளே," என்றாள் கிளியம்மாள்.

ஜெயவேலு எலும்பைக் கீழே வைத்தார். "போன வெள்ளத்துலயா?"

ஜெயஸ்ரீ தண்ணீர் குடித்தாள்.

"சரி, அந்த அண்ணன்காரன் அப்ப எங்க போயிருந்தான்?"

"ரோடு கட் ஆயிடுச்சு. மூணாம் நாள்தான் வந்தார்."

"மூணாம் நாளு!" மாமா சத்தமாகச் சிரித்தார். "தங்கச்சி முழுகறப்ப வரல. கல்யாணம்னா மட்டும் தொரைகிட்ட பர்மிஷன் வாங்கணுமா? பெரிய இவன்!"

"அவர் நல்லவர் மாமா. கோயில், சர்ச்சுன்னு கொஞ்சம்…"

"உசுரு போற நேரத்துல கோயிலா சர்ச்சான்னு கேட்டுக்கினா அந்தப் பொண்ணு கதவு மேல ஏறிச்சு? கட்டி வைக்காம, இன்னும் இன்னா யோசனை?"

கிளியம்மாள் கணவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.

"மூணு சாட்சி வேணும் மாமா," என்றாள் ஜெயஸ்ரீ. "ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"மூணாவது நான். நாளைக்கு ஹார்டுவேர் கடையை மதியம் திறந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"ஜெயவேலு சொன்னா சொன்னதுதான். இவளைக் கேளு." எச்சில் கையைத் தட்டின் மேல் பிடித்துக்கொண்டு இடது கையால் போனை எடுத்தார். "அந்த அண்ணன் நம்பரைச் சொல்லு. நாலு கேள்வி நாக்கைப் புடுங்கற மாதிரி கேக்கறேன்."

ஜெயஸ்ரீ ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். மனப்பாடமான நம்பர். மாமா கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஏழாவது எண்ணில் விரல் நின்றது.

"ஏய். இது என் நம்பர்டி."

"ஆமா மாமா."

கிளியம்மாள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வெள்ளம் இல்ல மாமா. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு," ஜெயஸ்ரீயின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அப்புறம் நீங்க எங்க வீட்டுக்குப் புதுசாப் பின்கதவு போட்டுக் கொடுத்தீங்களே, அதுக்கு முன்னால இருந்த கதவு. வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு மட்டும்தான் அம்மா உங்ககிட்ட சொன்னாங்க. அதுல முதல்ல ஏத்தினது என்னை. எனக்கு எட்டு வயசு. பின்னால என்னை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவங்கதான் நாளைக்கு உங்க கையெழுத்துக்காகக் காத்திருக்கப் போறாங்க. அம்மா."