முள் இல்லாத தூண்டில்

அவலாஞ்சி ஓடையின் மூன்றாவது மடுவைத் தினமும் நான்தான் முன்பதிவு செய்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மடுவில் ஒருவருக்குத்தான் அனுமதி. தூண்டில் வீசாமல் சும்மா உட்கார்ந்தால் மடு அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் வீசுகிறேன்.

இன்று காவலர் போஜன் என் தூண்டிலைச் சோதித்தார். நூல் நுனியில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி இருந்தது. அதன் முள்ளை நான் வெட்டி எடுத்திருந்தேன்.

“என்ன சார், முள்ளே இல்ல? மீன் என்ன, உங்க கையப் புடிச்சு ஏறி வருமா?”

அவருக்கும் தெரிந்த விதியிலிருந்தே தொடங்கிச் சொன்னேன். இங்கே ஒவ்வொரு டிரவுட் மீனுக்குள்ளும் சிப் உண்டு. பிடிப்பவர் ஒரு வரி பேசிவிட்டு மீனைத் திரும்ப விட வேண்டும். அடுத்துப் பிடிப்பவருக்கு அது ஒருமுறை கேட்கும். பிறகு அவர் குரல் பதிவாகி, பழையது அழிந்துவிடும். போன ஏப்ரலில் இந்த மடுவில் 417-ஆம் எண் மீனைப் பிடித்தவள் என் மனைவி ரெஜினா. ஜூலையில் இறந்துபோனாள். அவளுக்குப் பிறகு அந்த மீன் இன்னும் யாரிடமும் சிக்கவில்லை.

“அம்மா என்ன பேசுனாங்க சார்?”

“தெரியல. நான் கார்ல தூங்கிட்டிருந்தேன்.”

“ஒரு தடவை புடிச்சுக் கேட்டுரலாமே?”

“கேட்டா போயிடும்.”

போஜன் தன் பதிவேட்டில் ‘தூண்டில் சரி’ என்று எழுதினார். ஆனால் போகவில்லை. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு ஒரு பெரிய மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வியது. நூல் விறைத்தது. போஜன் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு நொடி கழித்து மீன் பூச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போனது.

“தப்பிச்சோம் சார்,” என்றார் போஜன்.

நான் மறுபடி வீசினேன்.